உலகம்மாள் ஊதுகுழல் பிடித்த கதை

ஒரு ஆனி மாதத்துச் சாரலில், குற்றாலம் பேரருவியில் பெண்கள் குளிக்கிற பக்கத்திலிருந்து ராயகிரிக்காரப் பெண் ஒருத்தி நடுங்கிக்கொண்டே வெளியே வந்தாள். கல்யாணமாகி அதிக நாள் ஆகியிருக்காது. தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் பளிச்சென்று இருந்தது. வலது காலை இடது காலுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு நின்றாள். அருவி அடித்த அடியில் ஒரு மெட்டி கழன்று போய்விட்டது. படிக்கு மேலே அவளுடைய மாமியார் துண்டோடு காத்துக்கொண்டிருந்தாள்.

உலகம்மாள் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் குனிந்தாள். பார்க்கிறவர்களுக்குக் கால் துடைக்கிற மாதிரிதான் இருந்தது. நிமிர்ந்தபோது அந்தப் பெண்ணின் விரலில் மெட்டி இருந்தது. உலகம்மாளின் விரல் வெறுமையாக இருந்தது. "கொஞ்சம் தளர்வாத்தான் இருக்கும். பாத்து நட" என்று சொன்னாள், அவ்வளவுதான். மாற்றுச்சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என்னிடம், "யக்கா, ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்டுராதீங்க" என்றாள். தென்காசிக்குத் திரும்பும் பஸ்ஸில் முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவி அந்தக் கால்விரலில் சுற்றிக்கொண்டாள். இத்தனை வருஷமும் நான் சொல்லவில்லை. இனிமேல் சொன்னால் அவளுக்கு ஒன்றும் வந்துவிடாது.

உலகம்மாள் எங்கள் வளவில் எனக்கு அடுத்த வீட்டுக்காரி. விசுவநாதர் கோவிலுக்குப் பின்னால், ஒரே வாசலுக்குள் வரிசையாக வீடுகள் இருந்த வளவு அது. நான் கோவிலுக்குப் பூக்கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் சீசனுக்குச் சீசன் குற்றாலத்தில் பெட்டிக்கடை போடுவார். பாசிமணி, சீப்பு, ரிப்பன், கவரிங் வளையல் எல்லாம் அதில் தொங்கும். ஒரே மகள் நீலா, ஆலங்குளத்தில் உலகம்மாளின் அம்மா வீட்டிலிருந்து படித்தாள்.

உலகம்மாளால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதே இரண்டு தரம் எழுந்துபோவாள். நான் பூக்கட்டும்போது பக்கத்தில் வந்து உட்காருவாள். நாலு கண்ணி கட்டுவதற்குள் எழுந்து வாசலைப் பார்ப்பாள். தையல் படிக்கப் போனாள், பாவாடை வெட்டக் கற்றதோடு நின்றுவிட்டாள். அப்பளம் போட்டாள். ஊறுகாய் போட்டாள். கோழி வளர்த்தாள். ஒவ்வொன்றையும் தொடங்கும்போது வளவு முழுக்க அவள் சத்தம்தான். கொஞ்ச நாளில் அது அடங்கிவிடும். அவள் சாக்குப்பையோடு வெளியே கிளம்பினால் போதும், "உலகு அடுத்தத ஆரம்பிச்சுட்டா" என்று பெண்கள் கண்ணைக் காட்டிக்கொள்வார்கள். அவளுக்கும் அது தெரியும்.

மெட்டி அருவியோடு போய்விட்டது என்று வீட்டில் சொன்னாள். "அம்மன் கேட்டிருக்கா, குடுத்திருக்கே. விடு" என்றார் ஆவுடையப்பன். அவருக்குக் கோபப்படத் தெரியாது. மறுநாள் புது மெட்டி வாங்க சொரிமுத்து ஆசாரி பட்டறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"அருவி ஒண்ணைத்தான் கேட்டுச்சா தாயி? ஜோடியாக் கேக்காம விட்டுட்டே" என்று சிரித்தார் ஆசாரி. அவர் கையில் யாருடையதோ அறுந்த கொலுசு ஒன்று இருந்தது. அந்த வேலையை முடித்துவிட்டு மெட்டி எடுத்துத் தருவதாகச் சொன்னார். நாங்கள் நின்று பார்த்தோம்.

கொலுசின் அறுந்த இடத்தை ஒரு கரித்துண்டின் மேல் வைத்தார். ஒட்டுவதற்கு உதவுகிற வெண்காரத்தைத் தண்ணீரில் உரசி அந்த இடத்தில் தடவினார். அரிசிக்குறுணை போல ஒரு துணுக்கை எடுத்து அதன் மேல் வைத்தார். அதற்குப் பொடி என்று பெயர். வெள்ளியோடு வேறு உலோகம் கொஞ்சம் சேர்த்தது, ஆகையால் கொலுசு உருகுவதற்கு முன்னால் அது உருகிவிடும். பிறகு வளைந்த பித்தளைக் குழலை வாயில் வைத்து, விளக்குச் சுடரைக் கொலுசின் பக்கம் ஊதினார். சுடர் ஊசியாக நீண்டது. வெள்ளி சிவந்தது. அந்தத் துணுக்கு சட்டென்று தண்ணீராகி அறுந்த இடத்துக்குள் ஓடி மறைந்துவிட்டது.

உலகம்மாள் அசையாமல் நின்றாள். அவள் அப்படி நின்று அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, இது எங்கனயும் கத்துக்கிடலாமா?"

"எதுக்கு? தோசைக்கல்லு ஒட்டவா?"

"குத்தாலத்துல நித்தம் அறுந்ததைக் கையில வச்சுக்கிட்டு நிக்காளுவ. எங்க கடைக்கு வந்து நூல் இருக்கான்னு கேக்காளுவ. நூல் விக்கிறதுக்குப் பதிலா ஒட்டிக் குடுத்தா என்ன?"

"எங்க வீட்டுப் பொம்பளைகளே குழல் பிடிச்சதில்ல தாயி." அவர் மூலையில் கையை விட்டு ஒரு பழைய குழலை எடுத்தார். "இந்தா, வாய்ப்பக்கம் நசுங்கினது. சும்மாதான் கெடக்கு, கொண்டுபோ. அமாவாசைக்குள்ள நீயே கொண்டாந்து குடுத்துருவே."

குழலோடு கொஞ்சம் பொடியும் வெண்காரமும் வாங்கிக்கொண்டாள். நடந்துவரும்போது புது மெட்டியை ஒரு தரம்கூட அவள் குனிந்து பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆவுடையப்பனின் அண்ணன் மெட்ராஸிலிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். அரிசி மண்டியில் வேலை இருக்கிறது, இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்று. சீசன் கடையை நம்பி வருஷம் முழுக்க எத்தனை நாள் ஓட்டுவது என்பது அவர் கேள்வி. ஆவுடையப்பனுக்குப் போகவேண்டும் என்று இருந்தது. உலகம்மாளுக்கு இல்லை.

"இந்தச் சீசன் முடியட்டும். அதுக்குள்ள இது நின்னுதுன்னா இங்கனயே இருப்போம். இல்லேன்னா மூட்டையக் கட்டிருவோம்" என்றார் அவர்.

"நிக்கும்" என்றாள் இவள். அப்போது அவளுக்கு ஊதவே தெரியாது.

ஊதுவதில் ஒரு சூட்சுமம் இருந்தது. மூச்சை நிறுத்தாமல் ஊதவேண்டும். கன்னத்தில் காற்றை வைத்துக்கொண்டு மூக்கால் மூச்சு இழுக்கவேண்டும். நடுவில் விட்டால் சூடு இறங்கிவிடும். பப்பாளித் தண்டை ஒரு செம்புத் தண்ணீருக்குள் விட்டு, குமிழி நிற்காமல் வருகிறதா என்று பார்த்துப் பழகினாள். சோறு பொங்கும்போது ஊதுவாள். துணி அலசும்போது வெறும் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டிருப்பாள். பூக்காரத் தெருப் பெண்கள், "என்ன உலகு, பல்வலியா?" என்று கேட்டார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். வாயைத் திறந்தால் காற்று போய்விடும்.

ஊத வந்துவிட்டது. சுடர் நிற்கவில்லை.

சீசன் என்றால் தென்காசியில் காற்று எப்படி அடிக்கும் என்பது தெரிந்ததுதான். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று கோபுர வாசலில் நம்மைத் தள்ளிவிடும். அந்தக் காற்றில்தான் சாரல் வரும். சாரல் வந்தால்தான் அருவி விழும். அருவி விழுந்தால்தான் கொலுசு அறும். அவளுக்கு வேலை கொண்டுவருகிற காற்றே அவள் விளக்கை அணைத்தது. முதலில் அடுப்பங்கரையில் உட்கார்ந்தாள். புகைபோக்கி வழியாகக் காற்று இறங்கியது. பின்கட்டுக்கு மாறினாள். அங்கே வெண்காரம் சாரலில் நனைந்து கட்டியாகிவிட்டது. கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கட்டிலுக்கடியில் உட்காரப் போனாள். நான்தான் பிடித்து இழுத்தேன். ஒரு நாள் அவள் வீட்டுக்குள் போனால் சாமி படத்துக்கு முன்னால் கரியும் விளக்கும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏட்டி, அம்மன் முன்னால நகைய வச்சு எரிக்கவா செய்வே?"

"அவதான யக்கா காத்தை அனுப்புதா. கண்ணு முன்னால இருந்தா கொஞ்சம் பாத்து அனுப்புவாள்லா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அன்று பூக்கட்டும்போது எங்கள் கோவில் அம்மனான உலகம்மனிடம் அவளுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

கடைசியில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற மண்தொட்டி ஒன்று வாய் உடைந்து வளவில் கிடந்ததை எடுத்துவந்தாள். அதைப் பக்கவாட்டில் சாய்த்து, விளக்கையும் கரியையும் அதன் வயிற்றுக்குள் வைத்தாள். தலையைக் குனிந்து அதன் வாய்க்குள் ஊதினாள். சுடர் நின்றது. முகம் வெந்து சிவந்தது. அதைப்பற்றி அவளுக்குக் கவலையில்லை.

தன் பழைய கொலுசை அறுத்து ஒட்டிப் பார்த்தாள். சில தரம் ஒட்டியது, பல தரம் ஒட்டவில்லை. சில இடத்தில் கொலுசே உருகி மணி மணியாகச் சுருண்டது. பிறகு கடைக்கு வருகிறவர்களிடம் வாங்க ஆரம்பித்தாள். சாயங்காலம் கைக்குட்டையில் முடிந்து பஸ்ஸில் கொண்டுவருவாள். மறுநாள் விடிந்ததும் குற்றாலத்துக்கு ஓடுவாள். அறை எடுத்துத் தங்கியவர்கள் ஊருக்குக் கிளம்புவதற்குள் கொடுத்தாக வேண்டும்.

அங்கேதான் இடித்தது. தன் கொலுசில் ஒன்றிரண்டு தரமாவது ஒட்டுகிற பொடி, குற்றாலத்திலிருந்து வந்த எந்தக் கொலுசிலும் ஒட்டவில்லை. அறுந்த இடத்தைத் தொடப் பிடிக்காததுபோல உருண்டையாகத் திரண்டு விலகி ஓடியது. ஊதிப் பார்த்தாள், இன்னும் ஊதிப் பார்த்தாள். குழலுக்குப் பூசை வைத்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கெண்ணெய் தொட்டுக் குழலில் தடவிக் குங்குமம் வைத்துவிட்டு, அதே விரலால் பொடியை எடுத்து வைப்பாள். வெள்ளிக்கிழமை வேலை மற்ற நாளைவிட மோசமாகப் போனது. தன்மேல் அம்மனுக்கு என்ன கோபம் என்று என்னிடம் கேட்டாள்.

ஒட்டாததை ஒட்டாமலே திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது. ஒரு மதுரைக்காரம்மா கடைமுன்னால் நின்று, "சரியாப் போச்சு, வெள்ளியா வாங்கிக் கரியாக் குடுக்கிறா" என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். ஆவுடையப்பன் அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"கடைப் பேரு கெடுது ஏட்டி."

"தெரியுது."

"அண்ணனுக்குப் பதில் சொல்லணும்."

"சீசன் முடியட்டும்னு நீங்கதான சொன்னீங்க. இன்னும் முடியல."

அவள் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். உட்காரவும் இல்லை, படுக்கவும் இல்லை.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் வாசுதேவநல்லூரிலிருந்து மாரித்தாய் என்று ஒரு பெண் குற்றாலம் வந்தாள். ஊரில் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு விரதமிருந்து காப்புக் கட்டியிருந்தாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது. அவள் கொலுசும் அறுந்தது, அதுவும் உலகம்மாளின் கைக்குட்டைக்குள் வந்தது. அன்று சாயங்காலம் தொட்டிக்குள் தலையைக் கொடுத்து அதை ஊதினாள். இரண்டு மூச்சுகூட முழுசாக இழுக்கவில்லை. பொடி உருகி, ஆசாரி பட்டறையில் பார்த்தது போலவே உள்ளே ஓடி மறைந்தது.

"யக்கா" என்று கூப்பிட்டாள். நான் பூவைப் போட்டுவிட்டு ஓடினேன். கொலுசை விளக்கில் காட்டினாள். தழும்பு தெரியவில்லை.

அவளுக்குச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். "ஏன் இது மட்டும் ஒட்டிச்சு?" என்று ஆரம்பித்துவிட்டாள். அதே குழல், அதே பொடி, அதே கை. மறுநாள் கொலுசைக் கொடுக்கும்போது மாரித்தாயை நிறுத்தி வைத்து விசாரித்தாள். நானும் கூட இருந்தேன். இது எங்கே வாங்கினது, யார் செய்தது, எத்தனை வருஷம் ஆச்சு. அந்தப் பெண் பயந்துபோனாள்.

"ஒண்ணும் இல்லக்கா. சாதாரணக் கொலுசுதான். கொடைக்காக எல்லாத்தையும் புளி போட்டு வெளக்கினேன்."

"நேத்து குளிச்சேல்லா? என்ன எண்ணெய் தேச்சே?"

"காப்புக் கட்டியிருக்கம்லா. எண்ணெய் தொடமாட்டேன். சும்மா அருவியிலதான் நின்னேன்."

உலகம்மாள் தன் முந்தானையில் முடிந்திருந்த வேறொரு கொலுசை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள். பிறகு என் மூக்கருகில் நீட்டினாள். நல்லெண்ணெய் வாசம். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் யார்தான் எண்ணெய் தேய்க்காமல் அருவிக்குப் போவார்கள். தலைக்குத் தேய்த்தது கழுத்துக்கு இறங்கும், கழுத்திலிருந்து காலுக்கு இறங்கும். சீயக்காய் தலையோடு நின்றுவிடும். கொலுசின் கண்ணிக்குள் போன எண்ணெய் அங்கேயே இருக்கும். அந்த எண்ணெயின் மேல்தான் அவள் இத்தனை நாளும் ஊதிக்கொண்டிருந்தாள். போதாததற்கு வெள்ளிக்கிழமைதோறும் தன் கையாலும் தடவியிருந்தாள்.

"அம்மனுக்குக் கோபமே இல்ல யக்கா" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. உடனே பஸ்ஸுக்கு ஓடினாள்.

அன்றுமுதல் வந்ததையெல்லாம் முதலில் சாம்பலும் சீயக்காயும் போட்டுக் கொதிக்கவைத்தாள். பிறகு புளித்தண்ணீரில் போட்டுத் தேய்த்தாள். அதற்குப் பிறகுதான் குழல். குழலுக்கு இனிமேல் குங்குமம் மட்டும். ஒட்ட ஆரம்பித்தது. கொலுசு, அரைஞாண் கொடி, குழந்தைக் காப்பு, சாவிக்கொத்து என்று என்னென்னவோ வந்தது. தங்கத்தை மட்டும் அவள் தொடவில்லை. "அது ஆசாரியாருக்கு இருக்கட்டும்" என்பாள். கடையில் நூல் விற்பதை நிறுத்திவிட்டாள். ஆவுடையப்பனே வருகிறவர்களிடம், "நாளைக்குக் காலையில வாங்க, சம்சாரம் கொண்டாந்துருவா" என்று சொல்ல ஆரம்பித்தார். அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்க அவள் ஏதாவது சாக்குச் சொல்லிக் கடைப்பக்கம் நிற்பாள்.

ஆனால் அந்த வருஷம் சாரல் சீக்கிரமே நின்றுவிட்டது. ஆவணி பிறப்பதற்குள் பேரருவி சுவரில் வழிகிற மாதிரி ஆகிவிட்டது. கூட்டம் போய்விட்டது. கடையைப் பிரித்துக் கட்டிக்கொண்டு வந்த அன்று வளவு முற்றத்தில் அவர்கள் பேசிக்கொண்டது எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

"நல்லாத்தான் செய்தே. நான் இல்லேங்கல. ஆனா நாலு கொலுசு ஒட்டிக் குடும்பம் நடந்துருமா? அருவி வத்திட்டா யாரு வருவா?"

"அருவியிலதான் அறுமா? தென்காசிக்காரிகளுக்கெல்லாம் காலு இல்லியா?"

"அண்ணன்கிட்ட வாரோம்னு சொல்லியாச்சு."

"நீங்க சொன்னீங்க. நான் சொல்லல."

நான் வாசலில் எட்டிப் பார்த்தேன். அவர் எழுந்து மண்தொட்டியைக் காலால் மெதுவாக அசைத்துப் பார்த்தார். "சரி, நான் போய்ப் பாக்கேன். நீ இருந்து பாரு. முதல்ல யாரு வழிக்கு யாரு வாரோம்னு பாப்போம்" என்றார். சண்டை அவ்வளவுதான்.

அவர் மெட்ராஸ் போனார். "புருஷனை அனுப்பிட்டு நெருப்பை வச்சுக்கிட்டா" என்று தெருவில் பேசினார்கள். இரண்டு மாதம் தாங்குமா என்று பந்தயம் கட்டாத குறைதான். கார்த்திகையில் யாரும் வரவில்லை. மார்கழியில் கோலம் போட வந்த பெண்களிடம் தானே போய், அறுந்தது பிய்ந்தது இருந்தால் கொடுங்கள் என்று கேட்டாள். சொரிமுத்து ஆசாரி பார்க்கும்போதெல்லாம், "குழலு எங்க தாயி? அமாவாசை எத்தனையோ போயிட்டே" என்பார். "வாயி நசுங்கினது தானே அண்ணாச்சி, நடந்து வர நாளாகும்" என்பாள் இவள். பிறகு ஒரு நாள் அவரே கை நிறைய அறுந்த கொலுசுகளைக் கொண்டுவந்து வைத்தார். கல்யாண மாதத்தில் தங்கவேலை குவிந்துவிட்டது, சின்ன வேலைக்கு அவருக்கு நேரமில்லை. சிரிக்காமல் வைத்துவிட்டுப் போனார். அவளும் சிரிக்காமல் வாங்கிக்கொண்டாள்.

வருஷங்கள் போயின. அவர் பொங்கலுக்கு வருவார், சீசனுக்கு வந்து கடை போடுவார். நீலாவின் கல்யாணம் ஆலங்குளத்தில் நடந்தது. மண்தொட்டி இருந்த இடத்தில் செங்கல் வைத்து ஒரு கூடு கட்டிக்கொண்டாள். அப்போதும் அவளால் உட்கார முடியவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஊதும்போது மட்டும் இருப்பாள்; குழலை எடுத்ததும் எழுந்துவிடுவாள். ஆனால் திரும்பவும் அங்கேயே வந்து உட்காருவாள். வளவில் யாரும் கண்ணைக் காட்டிக்கொள்வதில்லை.

எண்பத்தாறில் என்று நினைக்கிறேன், ஆவுடையப்பனுக்குக் கண் மங்கிவிட்டது. மூட்டையில் எழுதியது தெரியவில்லை, படியில் தடுமாறி விழுந்துவிட்டார் என்று மெட்ராஸிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். இங்கே வந்துவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போகவேண்டும், அங்கேதான் இருக்கவேண்டும் என்றார்கள். அவள் அன்று முழுக்க வளவுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். நான் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிரகாரத்திலும் அவள் நடைக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

"போகாம இருந்தா அவுக ஒண்ணும் சொல்லமாட்டாக. அதான் யக்கா கஷ்டமா இருக்கு" என்றாள்.

"போயிட்டு வாம்மா. கண்ணு தெரியாத மனுஷனை எப்படித் தனியா விடுவே?"

"போறதுக்குச் சங்கடம் இல்ல. மறுபடியும் பாதியில போறனேன்னுதான்."

அம்மன் சன்னதியில் இரண்டு பேரும் நின்றோம். அவள் கை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது.

ஆசாரி கேள்விப்பட்டு வந்தார். "சாமானை எல்லாம் எங்கிட்டக் குடுத்துட்டுப் போ தாயி. மாடிமேல மாடி இருக்கிற ஊரு. யாரு உன்னை நெருப்பு வைக்க விடுவா?"

"கேட்டுப் பாக்கேன் அண்ணாச்சி. விடலேன்னா மொட்டை மாடிக்குப் போயிருதேன்."

"இங்கனயே இத்தனை பாடு. அங்கன கடற்காத்துலா."

"அப்பம் இன்னும் பெரிய தொட்டியா வாங்கணும்" என்றாள். சாமானைக் கொடுக்கவில்லை. கூட்டை அவள் இடிக்கவுமில்லை. அடுத்துக் குடிவருகிறவர்கள் அதில் கோழி அடைத்தால் அடைக்கட்டும் என்றாள்.

மெட்ராஸ் ரயிலுக்கு நான்தான் கூடப் போனேன். குழல், கரி, பொடி எல்லாவற்றையும் ஒரு மண்சட்டிக்குள் வைத்துத் துணியால் கட்டி மடியில் வைத்திருந்தாள். பெட்டிக்குள் போய் உட்கார்ந்தாள், எழுந்து கீழே வந்தாள், மறுபடி ஏறினாள். கோவில் பிரசாதத்தைக் கையில் கொடுத்தேன். நெற்றியில் இட்டுக்கொண்டு கொஞ்சத்தைத் தாலியில் தொட்டுக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. உட்காரு என்று கையைக் காட்டினேன். உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். நானும் கூடவே நாலடி நடந்தேன். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. வாசலில் நின்றபடி அவள் கடைசியாகக் கத்திச் சொன்னது இதுதான்:

"யக்கா, யாராவது அறுந்ததைக் கொண்டுக்கிட்டு வந்து கேட்டா, உலகம்மா விட்டுட்டுப் போயிட்டான்னு சொல்லிராதீங்க. வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க."